பகலில் நாலு திரி

ஜேட் மாதக் கோடை வெயிலில் கிட்டங்கிக்குள் இருந்த அரக்கு முழுவதும் இறுகிவிட்டது. கண்ணாடிச் சில்லு மாதிரி உதிர் உதிராக மூட்டை கட்டிய தகடு. இப்போது கோணியைக் கிழித்தால் உள்ளே மூட்டையின் உருவத்திலேயே ஒரு பாறை இருந்தது. பிசேசர் சாகு கடப்பாரையை ஓங்கி ஒன்றின் மேல் இறக்கினார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் இடித்தது. அறுபதை நெருங்கும் உடம்பு. தோள்வரை விண்ணென்று தெறித்தது.

"விடுங்க பாபுஜி," என்றான் வாசலில் நின்ற மகன் கோகுல். "உடைச்சா விலை ஏறிடப்போகுதா?"

"உடைச்ச சரக்குக்கு ஒரு விலைடா. கட்டிக்கு ஒரு விலை."

"ரெண்டையுமே வாங்க ஆளில்ல. அப்புறம் எதுக்கு ரெண்டு விலை?"

சாகு மறுபடி ஓங்கினார். இந்த முறை ஒரு மூலை பெயர்ந்தது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல தேன் நிறம். குறை சொல்ல முடியாத சரக்கு. இரண்டு வருடம் முன்னால் இதற்காகக் கல்கத்தாவிலிருந்து தந்திக்கு மேல் தந்தி வந்தது. மிர்சாபூரில் அரக்குச் சூளை வைத்திருந்தவனெல்லாம் சம்பாதித்தான். இன்னும் ஏறும் என்று கோகுல் பன்வாரி லாலிடம் தன் பெயரில் பத்திரம் எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கினான். தெற்குக் காட்டுக் கொம்பரக்கை வண்டி வண்டியாக வாங்கிப் போட்டான். எழுதிய மை காய்வதற்குள் விலை விழ ஆரம்பித்தது. பிறகு எழவே இல்லை.

இப்போது கோர்ட்டில் பன்வாரி லாலுக்கு டிக்ரி ஆகிவிட்டது. நாளைக்கு ஜப்திக்கு அமீனா வருகிறார்.

வக்கீல் சொன்னதைக் கோகுல் வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி பலமுறை ஒப்பித்திருந்தான். அமீனா வரும்போது சரக்கு குறையாமல் கிட்டங்கியில் இருக்க வேண்டும். இருந்தால் விஷயம் சரக்கோடு முடிந்துவிடும். மூட்டை குறைந்தால் ஒளித்துவைத்ததாகத்தான் அர்த்தம். பன்வாரி லால் கைது வாரண்டையும் கையோடு வாங்கி வைத்திருக்கிறான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கோகுலை அன்றைக்கே சிறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

கோகுலுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு சரியில்லை. சூளைப் புகையில் கொஞ்ச நேரம் நின்றாலே மூச்சு இழுக்கும். போன மழைக்காலத்தில் அந்தச் சிறையிலிருந்து காலராவில் செத்தவர்களை மாட்டுவண்டியில் ஒருவர் மேல் ஒருவராகப் போட்டு எடுத்துப்போனதை ஊரே பார்த்தது.

"சரக்கு போனா பன்வாரி கடன் தீரும்," என்றார் சாகு. "மத்தவங்க? மூங்கா ராம், தோல்கிடங்குக்காரன், கயிறுக்காரன், அவங்களெல்லாம்?"

"அவங்களும் கேஸ் போடுவாங்க. போடட்டும். முதல்ல நாளைக்கு நான் வீட்டுல படுக்கணும்."

"அவங்க கேஸ்லயும் உன் கையெழுத்துதானே இருக்கு?"

கோகுல் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். அவனும் அதைத்தான் ராத்திரியெல்லாம் யோசித்திருப்பான் போல. கண் சிவந்திருந்தது.

"விளக்கேத்திடலாம்," என்றார் சாகு.

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"கேளுடா."

"கேட்டிருக்கேன் பாபுஜி. எனக்குப் பல் முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து கேக்குறேன். கோசாயி நிர்மல் கிரி விளக்கேத்தினார். ஊர் வியாபாரிங்கல்லாம் வந்து உக்காந்தாங்க. வெல்லம் தின்னாங்க, தண்ணி குடிச்சாங்க. அப்புறம் என்ன, சொல்லட்டுமா?"

கோகுல் கேலி செய்ததில் தப்பில்லை. அந்தக் கதையை சாகு அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார். மிர்சாபூர் மிர்சாபூராக இருந்த காலம் அது. ரயில் வருவதற்கு முன்னால் கங்கைக் கரையில் படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். கரையில் இறங்காமல் படகுக்குப் படகு தாவியே அரை மைல் போகலாம். தெற்கேயிருந்து பருத்திப் பொதி ஏற்றிய மாடுகள் வரிசை வரிசையாக மலை இறங்கிவரும்போது அவற்றின் மணிச் சத்தம் விடிவதற்கு முன்பே கேட்கும். சின்னப் பையனாக இருந்த பிசேசர் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்திருப்பார். பொதி அழுத்துகிற இடத்தில் பறக்கிற பஞ்சுத் தூசியில் தெருவே மஞ்சள் வெயிலில் நரைத்துப்போயிருக்கும். எங்கோ சமுத்திரத்துக்கு அப்பால் சண்டை நடந்தது. அதனால் பருத்திக்குப் பொன் விலை. பிறகு சண்டை நின்றது. ரயிலும் வந்தது. பருத்தி இந்த ஊரைத் திரும்பிப் பார்க்காமல் பம்பாய்க்குப் போய்விட்டது. கட்டிய படகுகள் கட்டியபடியே கரையில் மக்கின.

அந்த வருடம்தான் காவி கட்டிக்கொண்டே வியாபாரம் செய்த கோசாயிகளில் பெரியவரான நிர்மல் கிரி தன் கடையில் விளக்கேற்றினார். பட்டப்பகலில். உட்காருகிற மெத்தையைக் கவிழ்த்துப் போட்டு, தலைப்பாகையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்து, நாலு திரி போட்ட நெய் விளக்கை முன்னால் வைத்து உட்கார்ந்துவிட்டார். கை ஓய்ந்துவிட்டது, இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பொருள். வாய் திறந்து சொல்லவேண்டியதில்லை. பதினாறு வயதுப் பிசேசர் அப்பாவோடு போய் உட்கார்ந்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. வெல்லமும் தண்ணீரும் வந்தன. கிட்டங்கியில் இருந்ததை ஆளுக்குத் தக்கபடி பிரித்தார்கள். அடுப்படிப் பாத்திரத்தையும் ஒரு படகையும் கோசாயிக்கே விட்டார்கள். இந்தப் பன்வாரி லாலின் தாத்தா தன் பங்கில் கொஞ்சத்தைக் கோசாயியின் மடியில் போட்டுவிட்டு எழுந்தார். விளக்கேற்றியவனைத் திட்டக்கூடாது, கைநீட்டக்கூடாது, கோர்ட்டுக்கு இழுக்கக்கூடாது. விளக்குக்கு முன்னால் வந்து எடுத்ததை யாரும் திருட்டு என்று சொல்லவும் கூடாது.

"பன்வாரியோட தாத்தா அன்னிக்கு என் கண்ணு முன்னால அழுதார்டா," என்றார் சாகு. "அந்த ரத்தம்தானே இவனும்? விளக்கைப் பாத்தான்னா வாரண்டைக் கிழிச்சுப் போட்டுடுவான். எல்லாரும் உக்காந்து ஒரே நாள்ல பிரிச்சுக்குவாங்க. உன்மேல எவனும் கைவைக்க முடியாது."

"பன்வாரி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிச்சவன். விளக்கைப் பாத்தா எண்ணெய்க்கு ஏது காசுன்னு கேப்பான்."

"எண்ணெய் இல்லடா. நெய்."

"அது இன்னும் மோசம்."

உள்வாசல் கதவுக்குப் பின்னால் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. மருமகள் ராம்பியாரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமனாரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. முகத்தை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று, வீட்டுப் பூனையிடம் பேசுவாள். கேட்கவேண்டியவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"இந்தா பூனை, உனக்குப் புத்தி இருக்கா?" என்றாள் இப்போது. "வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார், சரக்குல கை படக்கூடாதுன்னு. இங்க ஒருத்தர் கடப்பாரையோட நிக்கிறார். இன்னொரு தரம் ஊரைக் கூட்டி வெல்லம் குடுக்கணுமாம். வீட்டுல வெல்லம் எங்க இருக்கு? என் கழுத்துல கையில கிடந்தது போயாச்சு. இனி என்னை வெட்டித்தான் பிரிக்கணும்."

பூனை அங்கே இல்லவே இல்லை. சாகு கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார்.

சூளைக்கொட்டகையில் நெருப்பு அணைந்து வாரக்கணக்காகிவிட்டது. அரக்கு அலசுகிற கல்தொட்டியில் சிவப்புத் தண்ணீர் பாதி வற்றி, ஓரத்தில் ஆடை கட்டி, ஈ மொய்த்தது. ஒரு காலத்தில் அந்தச் சிவப்பைத்தான் வில்லை தட்டிக் காயவைத்துக் கப்பலேற்றினார்கள். சாயம்தான் சரக்கு, அரக்கு அதன் மிச்சம். சீமையில் தாரிலிருந்து சாயம் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து இந்தச் சிவப்பு கங்கைக்குப் போகிற சாக்கடைத் தண்ணீர்.

தொட்டி மேட்டில் ஜக்ரூ உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். வறுத்த கடலைமாவில் வெங்காயமும் உப்பும் போட்டுப் பிசைந்த உருண்டை. சாகுவைப் பார்த்ததும் எழுந்தான்.

"உக்காரு, தின்னு."

"ஆச்சு மாலிக்."

ஆகவில்லை. பாதி உருண்டையைத் துணியில் முடிந்துகொண்டான். அரக்கு இழுக்கிற வேலைக்காரன் ஜக்ரூ. சூளை முன்னால் நீளத் துணிப்பையை முறுக்க முறுக்க உருகி வழிகிற அரக்கைக் குழாயில் தேய்த்துப் பரத்துவார்கள். அந்தச் சூட்டுத் தகட்டை எடுத்து, கீழ்முனைகளைக் கால்விரல்களில் மிதித்து, மேல்முனைகளைக் கையில் பிடித்து, நடுவைப் பல்லால் கவ்வி, நெருப்புக்கு முன்னால் நின்று இழுப்பான். ஆள் உயரத் தகடாக விரியும். கிழிந்தால் கூலியில் பிடித்தம். அவன் முன்பற்கள் தேய்ந்து பழுப்பேறிக் கிடந்தன. உதட்டில் பழைய வெந்த தழும்புகள்.

"நாளைக்கு அமீனா வராராமே," என்றான் ஜக்ரூ.

"யார் சொன்னா?"

"பன்வாரி பாபு ஆளுதான். பான் கடையில நின்னு சிரிச்சுட்டு சொன்னான்." துணிமுடிச்சை இறுக்கினான். "எங்க கூலி என்ன மாலிக் ஆகும்?"

"எல்லாருக்கும் ஆகுறதுதான் உங்களுக்கும்."

"எல்லாருக்கும் பத்திரம் இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? ஹோலிக்கு ரெண்டு நாள் கழிச்சு வாங்கினதோட சரி. அலசுற பொம்பளைங்க தினம் என் வாசல்ல வந்து உக்காந்துக்குதுங்க. உன் மாலிக் உன் மாலிக்குன்னு என்னைத்தான் பேசுதுங்க. என் பொண்டாட்டி என்னை உள்ள விடமாட்டேங்குறா."

"அதான் இங்க வந்து தின்னுறியா?"

ஜக்ரூ சிரித்தான். "வீட்டுல தின்னா நாலு கை வரும். இங்க ஈ மட்டும்தான்."

சாகுவும் சிரித்துவிட்டார். இருவருக்கும் முப்பது வருடப் பழக்கம். இருக்கிற ஆட்களில் சாகுவுக்குப் பிடித்தவன் இவன்தான். கூலி மொத்தத்தையும் இவன் கையில் கொடுத்துவிடுவார், இவன் பிரித்துக்கொடுப்பான். ஆள் கூட்டி வருவதும் இவன் பொறுப்பு.

"நாளைக்கு விளக்கேத்தப்போறேன் ஜக்ரூ," என்றார். ஏன் இவனிடம் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. "நாலு திரி. கோசாயி ஏத்தினாரே, அதுமாதிரி. நீ அப்ப பொடியன்."

ஜக்ரூவின் முகம் மாறியது. "தெரியும் மாலிக். எங்கப்பன் கோசாயிகிட்டதான் பொதி அழுத்துற வேலை பாத்தான்."

"அப்படியா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!" சாகுவுக்குச் சந்தோஷம் பொங்கியது. "அப்ப அவன் பாத்திருப்பானே? எவ்வளவு மரியாதையா நடந்துச்சுன்னு சொல்லியிருப்பானே?"

"சொல்லியிருக்கான்," என்றான் ஜக்ரூ. துணிமுடிச்சை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை கோகுல் கோர்ட்டுக்குப் போய்விட்டான். வக்கீலைப் பார்த்து, அமீனாவோடேயே திரும்பி வருவதாகச் சொன்னான். வழியில் இரண்டு நல்ல வார்த்தை பேசி வைக்கலாம் என்று நினைப்பு. அவன் தெருமுனை திரும்பும்வரை சாகு காத்திருந்தார். பிறகு கடைமுன்னறையில் மெத்தையைக் கவிழ்த்துப் போட்டார். அடிப்பக்கம் எலி கடித்த ஓட்டைகள். தலைப்பாகையை அவிழ்த்து மடித்து வைத்தார். அடுப்படியிலிருந்து கிண்ணத்தில் சுரண்டி எடுத்த நெய்யில் நாலு திரியையும் நனைத்து ஏற்றினார்.

வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. அதில் விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தால்தான் சூடு முகத்தில் பட்டது.

முதலில் வந்தவன் தயிர்க்காரன். "என்ன சாகுஜி, பூசையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனான். அடுத்து முனிசிபல் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நின்று, காற்றடிக்கிறது, திரைச்சீலை பற்றிக்கொள்ளப்போகிறது, ஜாக்கிரதை என்றார். எதிர்க்கடைக் கயிறுக்காரன் தலையை நீட்டிப் பார்த்தான். அவனுக்கும் சாகு கடன் பாக்கி. அவன் எழுந்து வருவான் என்று சாகு நகர்ந்து இடம்விட்டு உட்கார்ந்தார். அவன் பார்த்தான், பீடியைப் பற்றவைத்தான், உள்ளே போய்விட்டான்.

பன்வாரி லாலின் கணக்கப்பிள்ளை சைக்கிளில் போனான். ஒரு காலை ஊன்றி நின்றான்.

"சாகுஜி, தலையில ஏதும் இல்லாம உக்காந்திருக்கீங்க? யாராவது தவறிட்டாங்களா?"

"உங்க எஜமானைக் கூட்டிட்டு வா. விளக்கேத்தியிருக்கேன்னு சொல்லு."

"விளக்கா?" அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அட, ஆமா. சரி, சொல்றேன். எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல?"

சாகு ஒரு திரியைத் தூண்டிவிட்டார். எதுக்கு என்று யாரும் கேட்டு அவர் பார்த்ததில்லை. கோசாயியிடம் யாராவது கேட்டிருந்தால் கோசாயி என்ன சொல்லியிருப்பார்?

"நீ போய் சொல்லு. அவனுக்குத் தெரியும்."

சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போய்விட்டது. வியர்வை முதுகில் ஓடிக் கவிழ்த்த மெத்தையை நனைத்தது. கதவுக்குப் பின்னால் மருமகள் பூனையிடம்கூட ஒன்றும் பேசவில்லை. அவமானம் என்றால் கூட்டம் கூடி நின்று பார்க்கும் என்றுதான் அவர் மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தார். யாருமே பார்க்காமல் உட்கார்ந்திருப்பதற்கு அவர் தயாராகவில்லை.

ஜக்ரூ வந்தான். படிக்குக் கீழே நின்று விளக்கை எண்ணுகிற மாதிரி பார்த்தான். நாலு திரி. மெத்தையைப் பார்த்தான். தலைப்பாகையைப் பார்த்தான். கும்பிட்டான். திரும்பி வேகமாக நடந்தான். தெருமுனையில் ஓட ஆரம்பித்தது சாகுவுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் எல்லோரும் வந்தார்கள். அரக்கு இழுப்பவர்கள், பை முறுக்குபவர்கள், தொட்டியில் காலால் மிதித்து அலசுகிற பெண்கள். பாதம் கணுக்கால்வரை சிவந்த பெண்கள். துக்கம் கேட்க வருகிறார்கள் என்று சாகு நினைத்தார். இவர்களாவது, என்று நினைத்தார்.

அவர்கள் படியேறி, விளக்குக்கு முன்னால் ஒவ்வொருவராகத் தரையைத் தொட்டுக் கும்பிட்டு, அவரைத் தாண்டிக் கிட்டங்கிக்குப் போனார்கள்.

"ஏய்! ஏய்! எங்க போறீங்க?"

"பிரிக்கணும்ல மாலிக்," என்றான் ஜக்ரூ. "விளக்கேத்தியாச்சே."

"அது வியாபாரிங்களுக்குடா! கடன் குடுத்தவனுக்கு!"

"நாங்க என்ன மாலிக் குடுத்தோம்? மார்ச் மாசத்து உழைப்பைக் குடுத்தோம், ஏப்ரல் மாசத்தைக் குடுத்தோம்." ஜக்ரூ கடையின் பெரிய தராசை எடுத்துக் கொக்கியில் மாட்டினான். குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு எங்கப்பன் ஆளுங்க கோசாயி வாசலுக்கு வெளிய நின்னாங்க. சாயங்காலம்வரை. உள்ள பிரிச்சு முடிச்சு எல்லாரும் எழுந்து போனாங்க. இவங்க பக்கம் யாரும் திரும்பல. கதவைச் சாத்திட்டாங்க. அந்த மழைக்கு எங்கண்ணன் போயிட்டான், பட்டினியில. அப்பன் சாகுறவரைக்கும் ஒண்ணுதான் சொன்னான். பகல்ல விளக்கைப் பாத்தா வெளிய நிக்காத, முதல்ல உள்ள போ."

சாகுவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வெல்லத்தின் ருசிகூட ஞாபகம் இருந்தது. வாசலில் யாராவது நின்றார்களா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"டேய், சரக்கு குறைஞ்சா கோகுலைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கடா! அவன் நெஞ்சு தாங்காது. உனக்குத் தெரியாதா? நீ தூக்கி வளர்த்த புள்ளடா அவன்!"

ஜக்ரூவின் கை ஒரு கணம் தராசில் நின்றது. பின்னால் ஒரு பெண் கத்தினாள். "உன் மாலிக் மவன் செயிலுக்குப் போனா சோறு போடுவான் சர்க்காரு. என் மவனுக்கு யாரு போடுவா? எடைபோடுய்யா!"

ஜக்ரூ எடை போட்டான்.

பாறையாக இறுகிய மூட்டைகளைக் கடப்பாரையால் உடைத்தார்கள். அவர்களுக்கு எங்கே அடிக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆளுக்கு எத்தனை நாள் கூலி என்று ஜக்ரூ மனதிலேயே கூட்டி, அதற்குத் தக்கபடி நிறுத்துக் கொடுத்தான். கூடக் கேட்டவனைத் திட்டினான். ஒரு கிழவி தன் பங்கைச் சேலையில் கட்டிக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்றாள். "கோசாயி விளக்குக்கு எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?" என்றான் ஜக்ரூ. எல்லோரும் சிரித்தார்கள். சிலர் கொண்டுவந்திருந்த கைவண்டியில் ஏற்றினார்கள். யாரும் கலாட்டா செய்யவில்லை, வேறெதையும் உடைக்கவில்லை, அடுப்படிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. சாகு கவிழ்த்த மெத்தையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து தடுக்கவில்லை. விளக்கேற்றியவன் எழக்கூடாது என்பது முறை.

கடைசியில் ஜக்ரூ மட்டும் மிஞ்சினான். தன் பங்கைத் தராசில் வைத்து, நிறை சரியாக வரும்வரை சில்லு சில்லாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். தெருவில் குதிரைவண்டிச் சத்தம் கேட்டது.

அமீனா இறங்கினார். கூட இரண்டு சேவகர்கள், பின்னால் கோகுல். கோகுல் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லியபடி வந்தான். படியில் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது.

அமீனா கிட்டங்கிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வயதானவர், களைத்தவர். வெயில் அவரையும் வாட்டியிருந்தது. "பாதிக்கு மேல காணோமே. எங்க சாகுஜி சரக்கு?"

அமீனா தன் பையைத் தட்டிக் காட்டினார்.

"ஒளிச்சு வச்சீங்களா? இதோ பாருங்க, எனக்கு இதுல ஒண்ணும் சந்தோஷம் இல்ல. வாரண்டு என் பையில இருக்கு. கேக்குறேன், சொல்லிடுங்க."

கோகுலுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டான். "பாபுஜி," என்றான். அதற்கு மேல் காற்று வரவில்லை.

"நான் குடுக்கல," என்றார் சாகு.

"அப்ப? தானா நடந்து போச்சா?"

உள்வாசல் கதவு படாரென்று திறந்தது. ராம்பியாரி வெளியே வந்து நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது. இத்தனை வருடத்தில் சாகு மருமகளின் முகத்தை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். "சொல்லுங்க மாமா!" என்று நேராக அவரைப் பார்த்துக் கத்தினாள். "திருடிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க! என்ன வாயில அடைச்சு வச்சிருக்கீங்க? உங்க புள்ள சாகப்போறான், சொல்லுங்க!"

ஜக்ரூ தராசுக்குப் பக்கத்திலேயே நின்றான். ஓடவில்லை. ஓடவேண்டிய காரியம் எதுவும் செய்ததாக அவன் நினைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "விளக்கு எரியுது சாகிப்," என்று அமீனாவிடம் சொன்னான். "பாருங்க. மாலிக்தான் ஏத்தினார். முறைப்படிதான் எடுத்தோம்."

"என்ன விளக்கு?" என்றார் அமீனா.

சாகு குனிந்தார். விரல்களால் ஒரு திரியைக் கிள்ளி அணைத்தார். அடுத்ததை. சுட்டது. நாலையும் அணைத்துவிட்டு, கிண்ணத்தைத் தள்ளி மெத்தைக்குப் பின்னால் வைத்தார்.

"காலையில பூசைக்கு ஏத்தினது," என்றார். "அணைக்க மறந்துட்டேன். இவங்க கூட்டமா வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. நான் கிழவன், என்ன பண்ணமுடியும்?"

ஜக்ரூ அவரையே பார்த்தான். தேய்ந்த பல் தெரிய வாய் திறந்திருந்தது.

"அப்ப திருட்டு," என்றார் அமீனா. குரலில் ஒரு ஆசுவாசம். பையிலிருந்த வாரண்டைத் தொடாமல் பென்சிலை எடுத்தார். "சரக்கு திரும்பக் கிடைக்கிறவரை உங்க மகன் மேல கை வைக்கல. யார் யாரு? பேர் சொல்லுங்க."

"இவன் ஜக்ரூ."

"மத்தவங்க?"

சாகு யோசித்தார். பை முறுக்குகிற குள்ளன். இடது கண் பூ விழுந்தவன். கத்தினாளே அந்தப் பெண். சேலையில் கட்டிக்கொண்டு போன கிழவி. முகமெல்லாம் நினைவிருந்தது. முப்பது வருடமாக இந்த வாசலில் ஏறி இறங்குகிற முகங்கள்.

"தெரியாது."

"என்ன சாகுஜி? உங்க வேலைக்காரங்கதானே?"

"ஜக்ரூதான் கூட்டிட்டு வருவான். கூலியும் அவன் கையிலதான் குடுப்பேன். மத்தவங்க பேரு எனக்குத் தெரியாது."

அமீனா பென்சிலை ஜக்ரூ பக்கம் திருப்பினார். "நீ சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும் சாகிப்?" என்றான் ஜக்ரூ. "மாலிக்குக்கே தெரியல."

சேவகன் ஒருவன் அவன் கன்னத்தில் அறைந்தான். ஜக்ரூ தன் பங்கு அரக்கைத் தராசிலிருந்து எடுத்துக் கிட்டங்கி வாசலில் வைத்தான். கைகளை நீட்டினான். அவன் துண்டாலேயே கட்டினார்கள்.

தெருவில் அவனை நடத்திக்கொண்டு போனபோது கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். கயிறுக்காரன் வந்தான். தோல்கிடங்குக்காரர் வந்தார். மூங்கா ராம் தடியூன்றிக்கொண்டு வந்தார். பன்வாரி லாலே கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்கினான். காலையிலிருந்து சாகு காத்திருந்த அத்தனை பேரும் அவர் கடை முன்னால் வந்து நின்றார்கள்.

"என்ன சாகுஜி," என்றான் பன்வாரி லால், "திருட்டாமே?"

தலைப்பாகையைத் தேடி எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார் சாகு.

"ஆமா," என்றார்.